விக்ரமும் புன்னகை மன்னனும்: ஜொகூரிலிருந்து ஒரு மறுகேட்பு

1986 மே மாத இறுதியில் 'விக்ரம்' திரைக்கு வந்தது. அதே ஆண்டு தீபாவளிக்குப் 'புன்னகை மன்னன்'. இரண்டிலும் கமல்ஹாசன் நாயகன். இரண்டுக்கும் இளையராஜா இசை. தமிழ்த் திரைப்பாட்டுக்குள் கணினி நுழைந்த கதையைச் சொல்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றிலிருந்துதான் தொடங்குவார்கள். எது முந்தியது என்ற வழக்கு ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. அந்த வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. 'முதல்' என்ற பட்டம் ஒரு பாட்டை அருங்காட்சியகத்துக்கு அனுப்ப உதவும், கேட்பதற்கு உதவாது. என் கேள்வி வேறு. மேற்கில் 'நியூ வேவ்' என்றும் 'சிந்த்-பாப்' என்றும் பெயர் பெற்ற இசைக்கு இந்த இரண்டு தொகுப்புகளும் என்ன உறவு? மலேசியாவின் ஜொகூர் பாருவில் உட்கார்ந்து கேட்கும்போது, சென்னையில் கேட்காத எதுவும் இவற்றில் கேட்கிறதா?

முதலில் அந்த மேற்கத்திய அலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977, 1978 ஆண்டுகளில் வெளியிட்ட தொகுப்புகள் எந்திரத்தையே இசைக்குழுவாக்கிக் காட்டின. 1979இல் இங்கிலாந்தின் கேரி நியூமன் கிதாரே இல்லாத ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார். 1981இல் ஷெஃபீல்டு நகரத்து ஹியூமன் லீக் குழுவின் 'டேர்' வெளிவந்தது. எஃகு ஆலை நகரத்து இளைஞர்கள் சிந்தசைசரையும் தாள எந்திரத்தையும் வைத்துக்கொண்டு செய்த வேலை அது. அதில் இடம்பெற்ற ஒரு பாட்டு அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. முறையாகச் சங்கீதம் படிக்காதவனுக்கும் எந்திரம் கதவைத் திறந்துவிட்டது என்பதே இந்த இயக்கத்தின் பெருமை. படித்தவர்கள் இதை ரசிக்கவில்லை. 1982இல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளையொன்று சிந்தசைசர்களுக்குத் தடை கேட்டுத் தீர்மானம் போடும் அளவுக்குப் போனது.

அதே 1982இல்தான் டுரான் டுரான் குழு இலங்கைக்கு வந்தது. 'ரியோ' தொகுப்பின் சில பாடல்களுக்கான காணொளிகளைச் சிகிரியாவிலும் பொலன்னறுவையிலும் படம் பிடித்தார்கள். யானை, கடற்கரை, இடிந்த விகாரை, நடுவே வெளிர் நிறக் கோட்டு அணிந்த இங்கிலாந்து இளைஞர்கள். நியூ வேவ் நம் பக்கத்துக்கு வந்தது உண்மைதான். ஆனால் நம்மைப் பின்னணித் திரைச்சீலையாக வைத்துக்கொள்ளத்தான் வந்தது. மறுவருடம் ஜூலையில், தமிழர் மீதான வன்முறையில் அந்தத் தீவு எரிந்தது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 'புன்னகை மன்னன்' பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இந்தியாவில் அந்த எந்திரங்கள் அதற்கு முன்பே இறங்கிவிட்டன. பெங்களூரில் பிறந்து லண்டனில் பெயரெடுத்த பித்து, நாஜியா ஹசனை வைத்துச் செய்த 'டிஸ்கோ தீவானே' 1981இல் வந்து துணைக்கண்டம் முழுக்க ஓடியது. மறு ஆண்டு பம்பாயின் ஸ்டூடியோ வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகிய மூன்று எந்திரங்களையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து எச்எம்வியில் இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 2010இல் ஒரு டச்சுச் சேகரிப்பாளர் அதை மறுவெளியீடு செய்ததும், பின்னால் சிகாகோவில் பிறந்த 'ஆசிட் ஹவுஸ்' இசைக்கு இது முன்னோடி என்று உலகம் கொண்டாடியது. பாராட்டு மிகைதான். சிங் சிகாகோவுக்கு வழிகாட்டவில்லை, சிகாகோவுக்கு அவரைத் தெரியவும் தெரியாது. எந்திரம் ஒன்று, அதை எடுத்த கைகள் வேறு வேறு. அவ்வளவுதான்.

மதராஸுக்கு எந்திரம் வந்தபோது அதை எடுத்த கை எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பண்ணைப்புரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, 1976இல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமான இளையராஜா, பத்தாண்டுக்குள் தென்னிந்தியாவின் மிகப் பெரிய ஸ்டூடியோ வாத்தியக் குழுவைத் தன் பேனாவின் கீழ் வைத்திருந்தார். பேனா என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைக் காலையில் மேற்கத்திய ஸ்வரக்குறிப்பில் எழுதிக் கொடுத்துவிடுவார். அன்றே பதிவு நடக்கும். வயலின்காரர் என்ன வாசிக்க வேண்டும், பேஸ் கிதார் எந்த இடத்தில் மௌனமாக வேண்டும் என்பது தாளில் இருக்கும். ஷெஃபீல்டு இளைஞர்கள் ஸ்வரக்குறிப்பு தெரியாததால் எந்திரத்தை நாடினார்கள் என்றால், இவர் எல்லாவற்றையும் எழுதத் தெரிந்ததால் எந்திரத்தைத் தொட்டார்.

சீக்வென்சர் என்ற கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். ஒலிநாடா ஒலியைப் பதிகிறது. சீக்வென்சர் பதிவது ஒலியை அல்ல, கட்டளையை: இந்த ஸ்வரம், இந்த வினாடி, இவ்வளவு நீளம், இவ்வளவு அழுத்தம். கட்டளையை எந்தச் சிந்தசைசருக்கு அனுப்பினாலும் அது தன் குரலில் பாடிக்காட்டும். 1983இல் 'மிடி' என்ற பொது ஏற்பாட்டை ஜப்பானிய, அமெரிக்கக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டதால் ஒரு கம்பெனிக் கருவி இன்னொரு கம்பெனிக் கருவியோடு பேச முடிந்தது. ஒரே கம்பியில் 16 தடங்கள். அதே ஆண்டு வந்த யமஹா டிஎக்ஸ்7 மணியோசையும் மின்பியானோவும் கலந்த ஒரு பளபளப்பை உலகம் முழுக்கப் பரப்பியது. மறு ஆண்டு அதே யமஹா, சிஎக்ஸ்5எம் என்ற இசைக் கணினியை விற்றது. 'புன்னகை மன்னன்' இசைக்குப் பயன்பட்டது இந்தக் கணினிதான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. திரையில் ஸ்வரக்குறிப்பை எழுதினால் எட்டுக் குரல்களில் வாசித்துக் காட்டும். ஸ்வரக்குறிப்பில் சிந்திக்கிற ஒருவருக்கு இது அந்நியப் பொருளே அல்ல. தாளில் எழுதியதைத் திரையில் எழுத வேண்டும், அவ்வளவே.

'விக்ரம்' படத்தின் தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டே ஓடும் பேஸ். உலோகத்தில் அடித்தது போன்ற மின்தாளம். நாயகனின் பெயரையே முழக்கமாக்கிக் கூவும் குரல்குழு. பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் நிற்கும் கமலின் குரல். ஒரு தொழில்முறைப் பாடகர் இதைப் பாடியிருந்தால் கமகமும் குழைவும் வந்து சேர்ந்து கெட்டிருக்கும். நியூ வேவ் பாடகர்களின் உணர்ச்சி காட்டாத தட்டைக் குரலுக்குத் தமிழில் கிடைத்த இணை இது. இந்த ஒரு பாட்டை 'டேர்' தொகுப்பின் நடுவே செருகினால் மொழி தவிர வேறெதுவும் உறுத்தாது.

படத்தின் கதையும் இதைக் கேட்டு வாங்கியது. கதை சுஜாதாவுடையது. 'பாரத் எலெக்ட்ரானிக்ஸ்' பொறியாளரான அவர் குமுதத்தில் தொடராகவும் இதை எழுதினார். திருடப்பட்ட ஏவுகணை, கணினி நிபுணராக ஒரு இளம்பெண், சலாமியா என்ற கற்பனை ராஜ்யம். படமாகப் பார்த்தால் இரண்டாம் பாதி தள்ளாடுகிறது. சலாமியாவுக்குப் போனதும் துப்பறியும் கதை ராஜா ராணி நாடகமாகிவிடுகிறது. இசை தள்ளாடவில்லை. 'வனிதாமணி'யில் எஸ்.பி. பாலசுப்ரமணியம், ஜானகி குரல்களுக்கு இடையே கமலின் பேச்சு நுழைந்து விளையாடுகிறது. 'மீண்டும் மீண்டும் வா' மெதுவாக, வெப்பத்தோடு நகர்கிறது. 'என் ஜோடி மஞ்சக் குருவி'யோ திருவிழாக் கூத்து. நாட்டார் துள்ளலும் மின்னொலியும் ஒன்றையொன்று துரத்துகின்றன. ஒரு லண்டன் குழு ஒரு தொகுப்புக்கு ஒரு பாணியைத் தேர்ந்து அதிலேயே நின்றிருக்கும். திரைப்படத்தின் தேவை இங்கே அதை அனுமதிக்கவில்லை. அதனால் 'விக்ரம்' தூய்மையான சிந்த்-பாப் தொகுப்பு ஆகவில்லை. அந்தக் கலப்பை நான் குறையாக எண்ணவில்லை. ஆனால் தலைப்புப் பாட்டு தொட்ட குளிர்ச்சியை மற்ற பாடல்கள் தொடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

'புன்னகை மன்னன்' இதற்கு நேர் எதிர். கே. பாலசந்தர் படம். நடனம் கற்றுத்தருபவன் நாயகன் என்பதால் நடன இசைக்கு உரிமை தானாகவே வந்துவிடுகிறது. எஸ்.பி.பி.யும் சித்ராவும் பாடிய 'காலகாலமாக' அந்த உரிமையை முழுக்கப் பயன்படுத்திக்கொள்கிறது. தாளம் பிசகாத எந்திர ஓட்டம். மனிதக் கை வாசித்தால் களைத்துப்போகும் வேகத்தில் சிறு ஸ்வரத் துணுக்குகள். அவற்றின் மேல் ஒரு மெல்லிசை நிதானமாக நடந்துபோகிறது. அதே தொகுப்பில் 'என்ன சத்தம் இந்த நேரம்' எஸ்.பி.பி.யின் குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கிறது. வாணி ஜெயராமின் 'கவிதை கேளுங்கள்' மேற்கத்திய நடனத்துக்கும் ஜதிக்கும் இடையே தாவுகிறது. 'மாமாவுக்கு' பாட்டில் சித்ராவோடு ஒலிப்பது நம்மூர்க் குரல்: மலேசியாவில் பிறந்து, ஊர்ப் பெயரையே முன்னெழுத்தாக்கிக்கொண்ட மலேசியா வாசுதேவன்.

சொல்லே இல்லாத அந்தக் கருப்பொருள் இசைதான் தொகுப்பின் உச்சம். ஒரு சிறு மெட்டுத் துண்டு. அது திரும்பத் திரும்ப வரும்; வரும்போதெல்லாம் அடியில் ஸ்வர அடுக்கு நகர்ந்திருக்கும், எதிர்க்குரல் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கும். மேற்கின் சிந்த்-பாப்பில் திரும்ப வருவது அப்படியே திரும்ப வரும். அந்த மாறாமைதான் அதன் அழகு. இங்கே எந்திரத்தின் மாறாமையை எழுத்து விடாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறது. பாக் முதலிய பரோக் இசைஞர்களின் எதிர்க்குரல் முறையில் இளையராஜாவுக்கு இருந்த ஈடுபாட்டை, அதே 1986இல் அவர் தந்த 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பு வெளிப்படையாகக் காட்டியது. அந்த ஈடுபாடு எந்திரத்தின் உள்ளேயும் புகுந்து வேலை செய்திருக்கிறது. இந்த நுணுக்கத்தைக் கேட்க காதொலிப்பான் வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் மேல் மெட்டு மட்டும்தான் எட்டும்.

படத்தின் நாயகி மாலினி சிங்களப் பெண். 1983 ஜூலைக்குப் பின் மூன்றே ஆண்டில், தமிழ் இளைஞனுக்கும் சிங்களப் பெண்ணுக்கும் காதல் என்று எழுதினார் பாலசந்தர். 'சிங்களத்துச் சின்னக்குயிலே' என்ற டூயட்டும் உண்டு. முடிவில் இருவரையும் சாகடிக்கிறார். டுரான் டுரான் குழுவுக்குச் சுற்றுலாப் படமாக இருந்த தீவு இங்கே காதலர்களின் மேல் விழும் நிழலாக இருக்கிறது. அரசியலை எந்த அளவுக்குப் படம் எதிர்கொண்டது என்பது வேறு விவாதம். ஆனால் ஒலி ஒன்றுபோல் இருந்தாலும் அது எந்தக் கதையைச் சுமக்கிறது என்பது எவ்வளவு மாறிவிடுகிறது என்று பாருங்கள்.  

இனி ஜொகூர்.

சிங்கப்பூரோடு எங்களை இணைக்கும், 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். வானொலி அலைக்கு அந்தத் தூரமும் இல்லை. சிங்கப்பூரின் தமிழ் ஒலிபரப்பும் ஆங்கில ஒலிபரப்பும் ஜொகூர் பாருவில் தெளிவாகக் கேட்டன. மலேசிய வானொலியின் தமிழ்ப் பிரிவு இன்னொரு பக்கம். ஆக, 1980களில் இங்கே வளர்ந்த ஒரு தமிழ்ப் பையனுக்கு இங்கிலாந்தின் டெப்பேஷ் மோடு குழுவும் இளையராஜாவும் ஒரே வானொலிப் பெட்டியில், ஒரு திருகலுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்தார்கள். சென்னைப் பையனுக்கு அன்று இது அவ்வளவு எளிதாக வாய்க்கவில்லை. அவனுக்கு 'விக்ரம்' பாட்டு வானத்திலிருந்து விழுந்த புதுமை. இங்கே இருந்தவனுக்கு, ஏற்கெனவே பழகிய ஒலியொன்று முதல் முறையாகத் தமிழ் பேசியது.

பழக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்ச் சினிமா இந்த ஜொகூர் ஜலசந்தியைச் சுற்றியே சில முறை நவீனமாகிக் காட்டியிருக்கிறது. சுஜாதாவின் கதையான 'ப்ரியா' (1978) சிங்கப்பூரில் படமானது. ஸ்டீரியோவில் பதிவான தமிழ்ப் பாடல்களில் முன்னோடியானவை அதன் பாடல்கள். மறு ஆண்டு இதே பாலசந்தர், இதே கமலை வைத்து, சிங்கப்பூருக்குக் கச்சேரி செய்யப் போகும் இசைக்குழுவின் கதையாக 'நினைத்தாலே இனிக்கும்' எடுத்தார், எம்.எஸ். விஸ்வநாதன் இசையில். அங்கே வெளியூர்க் கவர்ச்சியாகக் காட்டப்பட்டது எங்களுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தினமும் வேலைக்குப் போய்வரும் ஊர்.

வேலை என்று சொல்லும்போதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வருகிறது. 1980களில் ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து இளையவர்கள் வெளியேறத் தொடங்கியிருந்தார்கள். பால்மரம் வெட்டிய தாய் தந்தையரின் பிள்ளைகள் தம்போய், லார்க்கின், செனாய் பகுதித் தொழிற்சாலைகளுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அவற்றில் பல மின்னணுத் தொழிற்சாலைகள். விடியுமுன் லயத்து முச்சந்தியில் வந்து நிற்கும் பேக்டரி பஸ், ஷிப்டு, சர்க்கிட் பலகையில் பற்றவைக்கும் வேலை. மின்னணு இசை பற்றிய எழுத்துகளில் ஸ்டூடியோவும் கலைஞனும் வருவார்கள். சில்லுகளைக் கோத்த கைகள் வரமாட்டா. அந்தக் கைகளுக்குச் சொந்தமானவர்கள் ஷிப்டு முடிந்து வந்து வாக்மேனில் கேட்ட பாட்டு சில்லுகளால் ஆன பாட்டு. ஹியூமன் லீக்கை ஷெஃபீல்டின் எஃகு ஆலைகளோடு சேர்த்து வைத்து எழுதாத ஆங்கில விமர்சகர் இல்லை. 'காலகாலமாக' பாட்டைத் தோட்டத்தை விட்டு ஆலைக்குப் போன தலைமுறையோடு சேர்த்து வைத்து நாம் எழுதவில்லை. இளையராஜா இதை நினைத்து இசையமைத்தார் என்று நான் சொல்லவில்லை. பாட்டு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதும் பாட்டின் வரலாறுதான் என்கிறேன்.

கேசட்டாகத்தான் சேர்ந்தது. பசார் மாலாம் எனும் இரவுச் சந்தைக் கடைகளில் அட்டைப்பெட்டி வரிசையில் அடுக்கியிருப்பார்கள். அட்டைப்படம் நிறம் வெளிறி, எழுத்து கலங்கி இருந்தால் கள்ளப் பதிப்பு என்று அர்த்தம். சிங்கப்பூரும் மலேசியாவும் புதிய காப்புரிமைச் சட்டங்களை இயற்றியது 1987இல்தான். அதற்கு முன் சிங்கப்பூர் கள்ளக் கேசட்டுக்குப் பேர்போன ஊர். ஒரிஜினல் எது, நகல் எது என்று கவலைப்பட்டு வாங்கியவர்கள் குறைவு. நகலின் நகலில் மேல் ஸ்தாயி மங்கி, இரைச்சல் ஏறியிருக்கும். இதில் ஒரு விசித்திரம்: வயலின் கூட்டம் இப்படிப்பட்ட நகலில் குழம்பிப்போகும்; சிந்தசைசரின் கூர்மையான ஓரம் தாக்குப்பிடிக்கும். 1986 இசை கள்ளக் கேசட்டிலும் கம்பீரமாக ஒலித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

எந்திரம் மதராஸில் யாருடைய வயிற்றில் அடித்தது என்பதையும் சொல்ல வேண்டும். உடனடியாக யாருடையதிலும் இல்லை. இளையராஜா வயலின்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, எந்திரத்துக்கு அவற்றின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார். ஆனால் அந்த ஸ்டூடியோவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த திலீப் என்ற இளைஞர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். தந்தை ஆர்.கே. சேகர் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்த குடும்பம் அது. 1992இல் 'ரோஜா' வந்தபோது அவர் ஏ.ஆர். ரஹ்மான், ஸ்டூடியோ வீட்டோடு சேர்ந்திருந்தது, நாற்பது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்யும் முறை அதன்பின் மெல்லத் தேய்ந்தது. லண்டன் சங்கத்துக்காரர்கள் 1982இல் பயந்தது மதராஸில் பத்தாண்டு கழித்து நடந்தது.

இந்தப் பாட்டுகளுக்கு இன்று வேறு விதமான வாழ்க்கை. மலேசியத் தமிழர்களான யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் 'வல்லவன்' தொகுப்பில் 'நிழல்கள்' படத்து 'மடை திறந்து' பாட்டை எடுத்துத் தங்கள் ராப்புக்கு அடித்தளமாக்கினார்கள். இளையராஜாவை மலேசியா திருப்பிப் பாடிய தருணம் அது. இன்னொரு பக்கம் நீதிமன்றம். மலேசிய நிறுவனமான அகி மியூசிக்குக்கும் இளையராஜாவுக்கும் இடையிலான வழக்கில் 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 2025 ஏப்ரலில் 'குட் பேட் அக்லி' படத்தில் தன் மூன்று பாடல்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஐந்து கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. அந்த மூன்றில் ஒன்று 'என் ஜோடி மஞ்சக் குருவி'. பழைய பாட்டு என்றால் காசு பெறாது என்று நினைத்த காலம் போய்விட்டது. ஆனால் இத்தனை வழக்கிலும் யார் உரிமையாளர் என்ற பேச்சுதான். எந்தப் பதிப்பு 1986இல் ஒலித்த மாதிரி ஒலிக்கிறது என்ற பேச்சு எங்கும் இல்லை. இன்று கைக்கு எளிதாகக் கிடைக்கும் டிஜிட்டல் பதிப்புகள் பலவற்றில் ஒலி உச்சத்துக்கு இழுக்கப்பட்டிருக்கிறது. மெல்லிய எதிர்க்குரலும் முரட்டுத் தாளமும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. கருப்பொருள் இசையின் உள்ளடுக்கு நசுங்கிப்போகிறது.

ஆகவே கேசட்டுகள் முக்கியம். நம் ஊர் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை படர்கிறது. ஒட்டிக்கொண்ட நாடாவைச் சாதாரண பிளேயரில் போட்டால் அறுந்துவிடும். குளுவாங்கிலோ சிகாமட்டிலோ கூலாயிலோ வீட்டு அலமாரியில் 1986ஆம் ஆண்டு 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' கேசட்டோ இசைத்தட்டோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைப் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். தலை சுத்தம் செய்த நல்ல டெக்கில் ஒருமுறை ஓடவிட்டு, ஒலியைக் கூட்டாமல் குறைக்காமல், சுருக்காத கோப்பாகப் பதிந்துவையுங்கள். அட்டையையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எங்கே எப்போது வாங்கியது என்று ஒரு வரி எழுதிச் சேருங்கள். கள்ளப் பதிப்பானாலும் பரவாயில்லை, இங்கே பெரும்பாலோர் கேட்டது அதைத்தான்.